நாற்பது நாள் பஞ்சர்

ஐம்பத்தேழாவது வயதில் சண்முகசுந்தரம் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இனிமேல் நடப்பதில்லை.

நடக்கவே முடியாது என்றில்லை. நடப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நாலு எட்டு வைத்தால் இடது முழங்கால் ஒரு சத்தம் போட்டது. நெய்வேலி மைன்ஸில் முப்பத்து மூன்று வருஷம் கன்வேயர் பெல்ட்டோடு குடித்தனம் நடத்தியவருக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. பெல்ட்டுக்கு அடியில் ஓடும் உருளையில் கிரீஸ் வற்றினால் இப்படித்தான் முனகும். அங்கே என்றால் பெல்ட்டை நிறுத்தி, ஷட்டவுன் எடுத்து உருளையை மாற்றிவிடலாம். முழங்காலுக்கு ஸ்டோர்ஸில் ஸ்பேர் கிடையாது.

ஆகவே எங்கே போனாலும் ஸ்கூட்டர். பால் பூத் நான்கு வீடு தள்ளி, ஸ்கூட்டர். பக்கத்துத் தெருவில் துக்கம் விசாரிக்க, ஸ்கூட்டர். ஒரு நாள் குப்பைக்கூடையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தெருமுனைத் தொட்டி வரை வண்டியிலேயே போய்க் கொட்டிவிட்டு வந்தார். குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று அவர் மனைவி தமயந்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பாத்ரூமுக்கும் வண்டியிலேயே போயிடுங்களேன். வாசப்படிக்கு வேணா ஒரு பலகை போட்டுத் தரேன்."

"போயிருப்பேன். பெட்ரோல் கம்மியா இருக்கு."

"அப்ப தள்ளிக்கிட்டுப் போங்க. நானும் பின்னாலேருந்து ஒரு கை கொடுக்கிறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தைமாதம் வந்தால் அந்தச் சிரிப்பு எங்கேயோ போய்விடும் என்பது சண்முகசுந்தரத்துக்குத் தெரியும். அதுதான் அவருக்குப் பயம்.

கல்யாணமான வருஷம், எண்பத்தைந்து. கோவில்பட்டியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு நெய்வேலிக்கு வந்து இறங்கினாள் தமயந்தி. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி தெரு. ஒரு முகம் தெரியாது. முதல் மாதம் ரெண்டு தடவை அடுத்தவர் வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றியிருக்கிறாள். அழுகிற பெண்ணை எப்படிச் சமாதானம் செய்வது என்று சண்முகசுந்தரத்துக்குத் தெரியவில்லை. தைப்பூசத்துக்கு வடலூருக்கு எல்லோரும் நடந்து போவார்கள், நாமும் போகலாமா என்று கேட்டார். போனார்கள். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். வீட்டில் ஒரு மாதமாகப் பேசாததெல்லாம் அந்தப் பத்து பன்னிரண்டு கிலோமீட்டரில் பேசித் தீர்த்தாள். அன்றைக்குத்தான் தமக்குக் கல்யாணமாயிற்று என்று சண்முகசுந்தரம் இன்றைக்கும் மனசுக்குள் கணக்கு வைத்திருக்கிறார்.

அப்புறம் வருஷா வருஷம். மகன் பாலகுமாரைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். அவன் வளர்ந்து "நான் வரலைப்பா" என்று சொன்ன பிறகு ரெண்டு பேராகப் போனார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் பாதி வழியில், முந்திரித் தோப்பை ஒட்டிய மதகு ஒன்றின் மேல் சண்முகசுந்தரம் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. தமயந்தி ஒரு பஸ்ஸை நிறுத்தினாள். கண்டக்டரும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை ஏற்றினார்கள். பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து, "உக்காருங்க தாத்தா" என்றான். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பூசத்துக்கும் அவருக்கு ஓவர்டைம் வந்தது. போன வருஷம் ஓவர்டைம் கிடைக்காமல் ஜலதோஷம் வந்தது. தனியாகப் போய்விட்டு வா என்றால் தமயந்தி போகமாட்டாள். வெள்ளையும் மஞ்சளுமாகக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் தெருவைக் கடந்து போவார்கள். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கடைசி ஆள் தலை மறைகிற வரைக்கும் நிற்பாள். ஜன்னல் திரைக்குப் பின்னால் அவர் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் பேய்மழை பெய்து ஓய்ந்திருந்த டிசம்பரில், சுகர் பார்க்கப் போன இடத்தில் டாக்டரம்மா ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

"கையை ஊனாம எழுந்திருங்க சார். பத்து தடவை."

சண்முகசுந்தரம் மூன்று தடவை எழுந்தார். நான்காவது தடவை நாற்காலியும் கூடவே எழுந்தது.

"சுகரை நான் மாத்திரையில பிடிச்சு வெச்சிடுவேன். காலை நீங்கதான் பிடிச்சு வெக்கணும். வயசாகிறதை யாராலயும் நிறுத்த முடியாது சார். எழுந்து நிக்கிறதை மட்டும் நீங்க நிறுத்திடாதீங்க. இப்ப விட்டீங்கன்னா இன்னும் எட்டு வருஷத்துல கட்டில்லேருந்து தூக்கிவிட ஆள் வேணும்."

"நான் மைன்ஸ்ல இருக்கேன் டாக்டர். தினமும் ஏணி ஏறுற உடம்பு."

"கேபின் வரைக்கும் ஜீப்புல போறார் டாக்டர்," என்றாள் தமயந்தி. "அந்த ஏணிக்கு இவரை அடையாளமே தெரியாது."

விஷயம் பெங்களூரில் இருக்கும் பாலகுமாருக்குப் போயிற்று. நாலாம் நாள் கூரியரில் ஒரு ரப்பர் பட்டை வந்தது. கையில் கட்டிக்கொள்வது. நடுவில் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். அதில் நம்பர் கிம்பர் எதுவும் தெரியாது. எத்தனை அடி நடந்தோம் என்பதை அது மனசுக்குள் எண்ணி வைத்துக்கொள்ளும். சாயங்காலம் தமயந்தியின் போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் போனிடம் சொல்லிவிடும்.

"அதாவது கோள்மூட்டி," என்றார் சண்முகசுந்தரம்.

"கையை நீட்டுங்க," என்றாள் தமயந்தி.

முதல் நாள்: ஆயிரத்து நூறு. அதில் பாதி மைன்ஸ் கேண்டீனுக்கு. தமயந்தி போனையும் அவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு ரசத்தை ஊற்றினாள். அந்தப் பார்வையில் ரசம் சூடு தெரியவில்லை.

அடுத்த நாள் சண்முகசுந்தரம் மூளையைப் பயன்படுத்தினார். சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை இறைக்க ராப்பகலாக ஓடும் பம்புகளில் ஒன்று கிழடு. ஓடும்போது உடம்பெல்லாம் உதறும். பட்டையைக் கழற்றி அதன் குழாயில் கட்டிவிட்டு நிம்மதியாகக் கேபினில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் தமயந்தி போனை ரெண்டு தடவை துடைத்துப் பார்த்தாள்.

"எண்பத்தோராயிரம்னு காட்டுதுங்க."

"அப்படியா? இன்னிக்குக் கொஞ்சம் வேலை ஜாஸ்தி."

"அறுபது கிலோமீட்டர் ஆகுது. கடலூருக்குப் போயி, கடல்ல கால் நனைச்சுட்டு, நடந்தே திரும்பியிருக்கீங்க. மத்தியானம் சாப்பாடு வேற அப்படியே காலி பண்ணியிருக்கீங்க. எப்ப உக்காந்து சாப்பிட்டீங்க?"

"நடந்துகிட்டேதான்."

எந்திரத்தை நம்பியது தப்பு. மனுஷனை நம்பலாம் என்று அவர் முடிவு செய்தார். கன்வேயர் ஓரமாகச் சிந்துகிற கரியை அள்ளிப் போடுகிற காண்ட்ராக்ட் ஆள் கொளஞ்சிநாதன், முத்தாண்டிக்குப்பத்துக்காரர். வயது ஐம்பது, உடம்பில் எலும்பும் உற்சாகமும் மட்டும்தான். பெல்ட்டின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நாள் பூராவும் நடந்துகொண்டே இருப்பார்.

"கொளஞ்சி, இது டாக்டர் கொடுத்தது. இதைக் கட்டிகிட்டு தினமும் நடக்கணுமாம். எனக்கு முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது. நீ கட்டிக்க. சாயங்காலம் குடுத்துடு. தினம் டீயும் ரெண்டு வடையும் என் பொறுப்பு."

கொளஞ்சிநாதன் பட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரிக்கு முடியாம கெடந்தப்ப எங்க அக்காதான் அதுக்கோசரம் தீ மிதிச்சிது சார். இதுவும் அந்த மாதிரிதானே? உங்களுக்கு முட்டி செரியாவணும்னு நான் நடந்துட்டாப் போச்சு. கவலைய வுடுங்க."

இல்லையப்பா, இது வேற என்று சொல்லச் சண்முகசுந்தரம் வாயைத் திறந்தார். வடை மாஸ்டர் கூப்பிட்டார். மூடிக்கொண்டார்.

அன்று பதினாலாயிரத்து இருநூறு. மறுநாள் பதினைந்தாயிரம். சண்முகசுந்தரம் மார்பை நிமிர்த்திக்கொண்டு சாப்பிட்டார். தமயந்தி பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்த ஓட்டையில் மாட்டி மாட்டி மடிப்பு விழுந்திருக்கிறது என்று விரலால் நீவினாள். மோந்துகூடப் பார்த்தாள். கணவரின் வியர்வையை முகர்ந்து பார்க்கிற அளவுக்குப் பெருமை என்று சண்முகசுந்தரம் நினைத்துக்கொண்டார்.

"ஏங்க."

"ம்."

"பதினஞ்சாயிரம் நடக்கிறவருக்கு வடலூர் ஒரு தூரமா?"

சண்முகசுந்தரம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"பூசத்துக்கு இன்னும் நாப்பது நாள் இருக்கு," என்றாள். பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக: "போலாமாங்க?"

முடியாது என்று சொல்ல எட்டு காரணம் தயாராக இருந்தது. ஆனால் அவள் கேட்ட குரல் எண்பத்தைந்தாம் வருஷத்துக் குரல். டிரங்குப் பெட்டியோடு நின்ற பெண்ணின் குரல். அந்தக் குரலை நான்கு வருஷமாக அவர் கேட்கவில்லை.

"போலாம்," என்றது அவர் வாய்.

அன்று சண்முகசுந்தரம் தன் நிலைமையை எடைபோட்டுப் பார்த்தார். நடந்தது கொளஞ்சி. நடக்கப்போவது அவர். மதகு அதே இடத்தில்தான் இருக்கிறது. இன்னொரு தடவை அங்கே உட்கார்ந்தால், இன்னொரு தடவை அவளையும் கண்டக்டரையும் தூக்கவைத்தால், அதற்கப்புறம் அவள் வடலூர் என்ற வார்த்தையையே சொல்லமாட்டாள். அவளும் பொய்யாகச் சிரித்துக்கொண்டே கேட்டோடு நின்றுவிடுவாள். ரெண்டு பேருக்கும் இருக்கிற காலம் அப்படியே போய்விடும்.

உண்மையை ஒத்துக்கொள்ளலாம். அல்லது உண்மையிலேயே நடக்கலாம். ரெண்டாவது சுலபமாகத் தெரிந்தது.

மறுநாள் மார்கழிப் பனியில் காலை ஆறு மணிக்கே பூட்ஸை மாட்டினார். எட்டு மணிக்குத்தான் அவருக்கு ஷிப்ட்.

"ஷட்டவுன் வேலை. ஒரு மாசம் இருக்கும்."

"அப்படியா," என்றாள் தமயந்தி. அவள் பாலிஷ் போட்டு வைத்திருந்த மைன்ஸ் பூட்ஸ், இரும்பு மூக்கு வைத்தது, பளபளவென்று இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அதைப் பாலிஷ் போடுவது அவள்தான்.

அடுத்த பிளாக்கின் மூலையில் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு, பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிச் சண்முகசுந்தரம் நடந்தார். அறுநூறு அடியில் மூச்சு வாங்கியது. ஒரு கல்லில் உட்கார்ந்தார். எழுபத்திரண்டு வயது சங்கரலிங்கம், அவருடைய பழைய போர்மேன், குரங்குக் குல்லாயோடு காற்றாய் வந்தார்.

"என்ன சண்முகம், வண்டி இங்க கிடக்கு?"

"பஞ்சர் சார்."

மறுநாளும் கேட்டார். மறுநாளும் பஞ்சர். பத்தாம் நாள் சங்கரலிங்கம் நின்று வண்டியின் டயரை அமுக்கிப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. சண்முகசுந்தரத்தின் கால்களைப் பார்த்தார்.

"பஞ்சர் வண்டியில இல்ல போலிருக்கே," என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். அதற்கப்புறம் தினமும் அவரைத் தாண்டும்போதெல்லாம், "ஒட்டியாச்சா?" என்பார். "ஒட்டிகிட்டிருக்கேன் சார்" என்பார் இவர்.

இதற்கு நடுவே கொளஞ்சியோடு ஒரு தகராறு. வடலூருக்கு ஒத்துக்கொண்ட மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து பட்டையைக் கழற்றிக் கொடுத்ததும், தமயந்தி போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள்.

"அங்க எதுக்குப் போற?"

"இங்க சிக்னல் சரியில்லைங்க." பூட்ஸ் வைக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் நின்று படித்தாள். "நாலாயிரத்து நூறு. என்னங்க இப்படி விழுந்துடுச்சு?"

சண்முகசுந்தரத்துக்குக் கோபம் வந்தது. விடிந்ததும் கொளஞ்சியைப் பிடித்தார்.

"யோவ், நாலாயிரமா? வடையைத் தின்னுட்டுத் தூங்கினியா?"

"நானா?" கொளஞ்சிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நேத்து பெல்ட்டு கிழிஞ்சி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆறு வாட்டி ஓடிகினு இருந்தேன் சார்! இந்த மெசினுக்கு மனசாட்சியே கெடையாதா?"

"சரி சரி. நாளைக்கு மூணு வடை."

வடை வேலை செய்தது. ஐயாயிரம். ஆறாயிரத்து இருநூறு. ஒரு வாரத்தில் ஏழாயிரம். மழைத் தூறலில் சண்முகசுந்தரம் மைதானத்தைப் பாதியில் விட்டு டீக்கடையில் ஒதுங்கின அன்று மட்டும் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு விழுந்தது. அன்றைக்குக் கொளஞ்சிக்கு வடையே இல்லை. அவர் மறுநாள் பட்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பெல்ட் ஓரமாகக் கிட்டத்தட்ட ஓடினார்.

பொங்கலுக்கு முந்தின நாள் கொளஞ்சி லீவு. வேறு வழியில்லாமல் பட்டையை லாக்கருக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, பூஜ்யத்தை எதிர்பார்த்து வீட்டுக்கு வந்தார் சண்முகசுந்தரம்.

"எட்டாயிரத்து முந்நூறுங்க," என்றாள் தமயந்தி வாசலிலிருந்து.

சண்முகசுந்தரத்துக்கு வியர்த்தது. சாப்பிடும்போதெல்லாம் யோசித்தார். கடைசியில் பிடிபட்டது. பெல்ட் ஓடுகிற அதிர்ச்சியில் லாக்கர் ஆடுகிறது. லாக்கர் ஆடினால் பட்டை ஆடும். லாக்கரே நடக்கிற ஊரில் நானா நடக்க மாட்டேன் என்று அவருக்கு ஒரு தெம்புகூட வந்தது.

அந்தத் தெம்பு காலிலும் வந்திருந்தது. அவருக்கே அது தெரியாமல் வந்தது. ஒரு நாள் மைதானத்தை நாலு சுற்று சுற்றின பிறகுதான் உட்காரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கேண்டீன் பெஞ்சிலிருந்து கையை ஊனாமல் எழுந்தார். யாராவது பார்த்தார்களா என்று திரும்பினார். யாரும் பார்க்கவில்லை. முதல் தடவையாக அது வருத்தமாக இருந்தது. ஸ்கூட்டரை மறந்துவிட்டுப் பால் பூத்துக்கு நடந்தே போனார். திரும்பி வந்து, "பஞ்சர்" என்றார், கேட்காமலே. பூசத்துக்கு முந்தின வாரம் தமயந்தி வாசலிலிருந்து தினமும் பதினோராயிரம் என்று படித்தாள்.

சினேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பழைய சஃபாரி சட்டையை எடுத்தார். வயிறு அடங்கி அது பொருந்தியது. ஆனால் ரெண்டாவது பட்டனைக் காணோம்.

"எலி தின்னிருக்கும்," என்று தமயந்தி ஊக்கு குத்திவிட்டாள்.

"பட்டனை மட்டுமா?"

"சுகர் இருக்கிற எலி. துணியைத் தொடாது."

பூசத்தன்று காலை ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். "இந்தப் பூட்ஸையே போட்டுக்குங்க, பழகின கால்" என்று தமயந்தி எடுத்து வைத்தாள். டவுன்ஷிப் ஆர்ச் கேட்டைத் தாண்டும்போது இருட்டு கரைந்துகொண்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் ஜனம். முன்னே போகிறவர்களின் வெள்ளை வேட்டிகள் மட்டும் பனிக்குள் தனியாக நடந்தன. பார்த்த இடமெல்லாம் அண்டாவில் பொங்கலும் சுக்குத் தண்ணீரும்.

தமயந்தி பேசிக்கொண்டே வந்தாள். பாலகுமார் பெண் பார்க்கச் சம்மதித்தது. எதிர்வீட்டுக் கறிவேப்பிலை மரம். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸை விட்டு எங்கே போவது. நான்கு வருஷத்துப் பேச்சு. சண்முகசுந்தரம் ஒவ்வொரு அடியாக முழங்காலிடம் கெஞ்சிக்கொண்டு நடந்தார். அது முனகியது, ஆனால் நடந்தது.

முந்திரித் தோப்பு வந்தது. மதகு வந்தது.

அவர் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தார். அதைத் தாண்டி ஒரு அடி. ரெண்டு அடி.

"ஏங்க."

"நான் உக்காரலை," என்றார் அவசரமாக.

"நான் உக்காரணுங்க."

திரும்பினார். தமயந்தி மதகின் மேல் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் வேர்த்து, நரைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. சண்முகசுந்தரம் அவளையே பார்த்தார். நான்கு வருஷமாகத் தன் முழங்கால் ஒன்றுதான் உலகத்தில் வயதாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். இவளுக்கும் ஐம்பத்து மூன்று. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது ஏக்கத்தில் மட்டும்தானா, பிடிமானத்துக்கும்தானா? அவர் திரைக்குப் பின்னால் நின்று முதுகைத்தானே பார்த்தார். முகத்தைப் பார்க்கவேயில்லை.

"ரொம்ப முடியலையா? பஸ்ஸை நிறுத்தவா?"

"நிறுத்தினா ஏறிடுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப கையைக் கொடுங்க."

கொடுத்தார். அவள் எடை முழுக்க அந்தக் கையில் வந்தது. முழங்கால் ஒரு சத்தம் போட்டது. ஆனால் அவர் நின்றார்; அவளும் எழுந்தாள். எழுந்த பிறகும் அவள் கையை விடவில்லை. ரோட்டில் இத்தனை பேர் போகிறார்களே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவரும் விடவில்லை.

பத்து மணிக் கூட்டத்தில் நெருக்கியடித்துச் சபைக்குள் போனார்கள். ஜோதியை மறைக்கும் ஏழு திரையும் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. கால் கடுக்க நடந்ததெல்லாம் ஒரு நொடிச் சுடருக்கு. சண்முகசுந்தரம் அந்த ஒரு நொடியில் கேட்டது ஒன்றுதான். அடுத்த வருஷமும்.

செருப்பு விடுகிற இடத்தில் பூட்ஸை மாட்டக் குனிந்தபோது ஒரு குரல் கூட்டத்தைக் கிழித்தது.

"சார்! நடந்தா வந்தீங்க?"

கொளஞ்சிநாதன். பக்கத்தில் அவர் மனைவி பொற்கொடி. சண்முகசுந்தரம் கண்ணைக் காட்டினார், தலையை ஆட்டினார், இருமினார். கொளஞ்சிக்கு எதுவும் தெரியவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்தது.

"பாத்தியாடி! நான் சொன்னேன்ல, இவருதான் அந்த சாரு! இவரு முட்டிக்கோசரம்தான் நான் நாப்பது நாளா டாக்டரு பட்டையக் கட்டிகினு நடந்தேன். பலிச்சிடுச்சி பாரு! அம்மா, நீங்களே சொல்லுங்க, சார நடக்க வெச்சது என் காலுதானே?"

சண்முகசுந்தரம் ஒற்றை பூட்ஸோடு நின்றார். வடலூரில் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"தமயந்தி, ஒண்ணு சொல்லணும். அந்த நம்பரெல்லாம் என்னோடது இல்ல. எல்லாம் கொளஞ்சி நடந்தது. ஆனா நானும் தனியா—"

"இடது பூட்ஸைக் கொடுங்க," என்றாள் தமயந்தி.

கையைவிட்டு உள் அட்டையைத் தூக்கினாள். அடியில் குழிவெட்டி, அதில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது ஒரு கறுப்பு வட்டம்.

"உங்க கைக்குக் கடைசி ஓட்டையில மாட்டுற பட்டை. நாலாம் நாளே ரெண்டாவது ஓட்டையில மடிப்பு விழுந்திருந்தது. போதாததுக்குப் பீடி வாசனை. அன்னிக்கே வட்டத்தைக் கழட்டி இங்க வெச்சிட்டேன். ஷட்டவுன் வேலைக்குப் போற பூட்ஸ்ல தினமும் புல்லு ஒட்டிகிட்டு வந்துச்சு பாருங்க, அப்பதான் எனக்கு உசிரே வந்துது."

"அப்ப இவன் கையில கட்டியிருந்தது?"

"உங்க சஃபாரி பட்டன்."

கொளஞ்சிநாதன் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பொற்கொடி அவரைப் பார்த்தாள்.

"பட்டனக் கட்டிகினா நான் அந்த ஓட்டம் ஓடினேன்?" என்றார் கொளஞ்சி. பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "சார்! அப்ப அந்த நாலாயிரம் நான் இல்ல! நீங்க! எனக்கு ஒரு நா வடை பாக்கி சார்!"

சண்முகசுந்தரத்துக்கு அது காதில் விழவில்லை. அவர் வேறு எதையோ பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். லாக்கர் நடக்கவில்லை. கொளஞ்சி நடக்கவில்லை. கடைசி வாரம் முழுக்க, தினமும் பதினோராயிரம் என்று அவள் வாசலில் நின்று படித்தாளே, அது யார்? அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. பூட்ஸை மாட்டினார். கையை எங்கேயும் ஊனாமல் எழுந்து நின்றார்.

"அப்ப பதினோராயிரமும் நானே நடந்தது!"

"ஆமாங்க," என்றாள் தமயந்தி, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே. "அதுல ரெண்டாயிரம் மட்டும் தினமும் நானா சேர்த்துச் சொன்னது. இல்லாட்டி உங்க பச்சப்புள்ள மனசு சோர்ந்துபோயிடுமேன்னுதான்."